மூன்றாவது ஆபரேட்டர்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் விடுதிக் குழாயில் தண்ணீர் இல்லை. குளிக்காமலே துறைக்குப் போனேன். யாரும் கவனிக்கவில்லை. கணிதத் துறையில் அது ஒரு வசதி.

பெரியவர் தன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைக் கொடுத்து எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார். எங்கள் குழுவில் வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் பெரியவர். எனக்கு மட்டும் அண்ணா. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். தலையில் பாதி நரை, வீட்டில் கைக்குழந்தை. இந்த மாதக் கடைசியில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறார். ஒரு கல்லூரியில் அவருக்கு இடம் தயாராக இருக்கிறது. பட்டம் வந்ததும் ஜூலையில் சேர வேண்டும்.

"எழுத்துப்பிழை மட்டும் பாரும்மா. கணக்கை மேடம் பார்த்தாச்சு" என்றார். நான் தலையாட்டினேன். "ஐயோ, காது வலிக்குது சத்தம்" என்றார். என்னை 'சத்தம்' என்றுதான் கூப்பிடுவார், நான் வாயைத் திறப்பதே இல்லை என்பதால்.

மேடம் எங்கள் இருவருக்கும் கைடு. சேர்க்கை நேர்காணலில் எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. மற்றவர்கள் எல்லோரும் வேண்டாம் என்ற பிறகு, என் எழுத்துத் தேர்வுத் தாளைப் பார்த்து, "எனக்கு இந்தப் பொண்ணு போதும்" என்று சொன்னவர் அவர். அதற்காக அவரிடம் எனக்கு எவ்வளவு நன்றியோ, அவ்வளவு பயமும் உண்டு.

மார்ச் 4, புதன்

செமினார். மேடத்தின் விதி இது: பேசுபவர் கையில் தாள் இருக்கக் கூடாது. கேட்பவர்களில் யாருக்குப் புரியவில்லையோ அவர் உடனே "நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டும். புரியாமல் உட்கார்ந்திருப்பது பொய் சொல்வதற்குச் சமம் என்பார். இரண்டரை வருஷத்தில் நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. புரியாததை எழுதிக்கொண்டு வந்து அறையில் உட்கார்ந்து புரிந்துகொள்வேன். அப்படியானால் எத்தனை புதன்கிழமைகள் பொய் சொல்லியிருக்கிறேன்?

மாலை அம்மா போன் செய்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. நீளத்தைக் கூட்டாத, குறைக்க மட்டுமே செய்யும் ஆபரேட்டர்கள் என்ற கணிதச் செயல்களைப் படிக்கிறேன் என்று ஒருமுறை தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை கேட்கிறாள், "சுருங்கின போர்வையெல்லாம் எங்கே போச்சுன்னு கண்டுபிடிச்சியா?" அப்பா அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர். அவர் பின்னாலிருந்து, "நானும் ஆபரேட்டர்தான், என்னை ஏன் படிக்க மாட்டேங்கறா?" என்றார். எத்தனை முறை கேட்டாலும் சிரிப்பு வருகிறது.

மார்ச் 5, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எழுதினால் என் தப்பு கண்ணில் படும்.

சுருக்கும் ஆபரேட்டர் எந்த வெக்டரின் (திசையும் நீளமும் உள்ள ஒரு அம்பு) நீளத்தையும் கூட்டாது. அதற்கு ஒரு விரிவு உண்டு. அதாவது, இதைவிடப் பெரிய வெளி ஒன்றில், நீளத்தைத் துளியும் மாற்றாத இன்னொரு ஆபரேட்டர் வேலை செய்துகொண்டிருக்கிறது. நாம் பார்ப்பது நம் அறைக்குள் தெரிகிற பங்கு மட்டும். குறைந்துபோனதாக நாம் நினைத்த நீளம் பக்கத்து அறையில் பத்திரமாக இருக்கிறது. (அம்மாவின் போர்வைகள் அங்கேதான்.) ஒரு ஆபரேட்டருக்கு விரிவு எப்போதும் உண்டு. எதை முதலில் செய்தாலும் விடை ஒன்றே என்று ஒத்துப்போகிற இரண்டுக்கும் சேர்த்து விரிவு உண்டு. மூன்றாவது ஒன்று வந்து சேர்ந்தால் எல்லாம் உடைந்துபோகலாம். அப்படி உடைகிற மூன்று ஆபரேட்டர்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. நாங்கள் அவற்றைக் கெட்ட மூவர் என்போம்.

மேடம் ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு துணைத்தேற்றம் அச்சிட்டிருக்கிறார். கெட்ட மூவர் பாதி வெளியைப் பூஜ்ஜியமாக்கிவிடுகிறார்கள், அதுதான் நோய். எதையும் பூஜ்ஜியமாக்காத மூவர் என்றால் விரிவு நிச்சயம் உண்டு. இதன் மேல்தான் பெரியவரின் மூன்று அத்தியாயங்களும் நிற்கின்றன. விரிவிலிருந்து ஆரம்பித்து, மூன்று ஆபரேட்டர்களுக்கும் பொதுவான ஒரு மாறா உள்வெளியைக் கட்டுகிறார்: உள்ளே வந்த வெக்டர், எத்தனை முறை ஆபரேட்டரைப் போட்டாலும் வெளியே போகாத ஒரு மூலை. ஒற்றை ஆபரேட்டருக்கே அப்படியொரு மூலை எப்போதும் உண்டா என்று யாருக்கும் தெரியாத உலகத்தில் அது பெரிய விஷயம்.

எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். துணைத்தேற்றம் எனக்குச் சரியாகப் புரிய ஒரு உதாரணம் செய்து பார்க்கலாம் என்று, கெட்ட மூவரையே எடுத்து, ஒவ்வொன்றோடும் எதையும் மாற்றாத அலகு ஆபரேட்டரில் கொஞ்சூண்டு கலந்தேன். நீளம் கூடாதபடி மறுபடி அளவைச் சரிசெய்தேன். இப்போது அவர்கள் எதையும் பூஜ்ஜியமாக்குவதில்லை. ஒத்துப்போகிறார்கள். ஆகவே மேடத்தின்படி விரிவு உண்டு. கலந்த அளவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் உண்டு. அந்த அளவைக் குறைத்துக்கொண்டே பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோனால், எல்லையிலும் விரிவு இருந்தாக வேண்டும்.

எல்லையில் இருப்பது கெட்ட மூவர். அவர்களுக்கு விரிவு கிடையாது.

நாலு வரி. அவ்வளவுதான்.

கை சில்லுனு ஆயிடுச்சு. நாலு வரியை ஒன்பது வருஷமா யாரும் பாக்கல, எனக்குத் தெரிஞ்சுதா? எனக்கா?

மார்ச் 6, வெள்ளி

தப்பு என்னுடையதுதான். எங்கே என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

வீட்டுக்குப் போய்வந்தேன். அப்பா லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் மகள் டாக்டர் ஆகப்போகிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறார். எந்த வார்டு என்று கேட்கிறார்களாம். "நாலாவது மாடி வர்றதுக்குள்ள அவங்களுக்கு கணக்குல டாக்டர்னு புரியவைக்க முடியல. அதுக்குள்ள கதவு திறந்துடுது" என்றார்.

சாப்பாடு இறங்கவில்லை. அம்மா என் தட்டைப் பார்த்தாள். கேட்கவில்லை.

ஒவ்வொரு வரியாக யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். எல்லைக்குப் போவது சரியா? சரிதான். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது. திரும்பி நடக்கும்போதும் யோசித்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

மேடத்தின் பழைய கட்டுரையை நூலகத்தில் எடுத்தேன். என் உதாரணம் சரியென்றால் அவருடைய நிரூபணத்தில் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நான் தப்பு, நிம்மதி. அந்த நிம்மதிக்காக வேண்டிக்கொண்டுதான் வாசித்தேன்.

ஓட்டை இருக்கிறது. முதல் ஆபரேட்டரையும் இரண்டாவதையும் சேர்த்து ஒரு பெரிய வெளியில் விரிக்கிறார். முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்து இன்னொன்றில் விரிக்கிறார். பிறகு, "இவ்விரு வெளிகளையும் ஒன்றாகவே கொள்ளலாம்" என்று அரை வரி. ஒற்றை ஆபரேட்டரின் மிகச் சிறிய விரிவு ஒன்றே ஒன்றுதான், அங்கே அப்படிக் கொள்ளலாம். ஜோடிகளுக்கு விரிவுகள் பல. கொள்ளக்கூடாது. பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்ட அரை வரி. எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு, எங்கள் எல்லோருக்கும் உண்டு. 'கொள்ளலாம்' என்று எழுதிவிட்டுக் கடந்துபோவோம்.

அறைத்தோழியிடம் சொன்னேன். அவள் பக்கத்துத் துறையில் ஈஸ்ட் வளர்க்கிறாள், அதனால் அவள் பெயரே ஈஸ்ட். கண்ணாடித் தட்டுகளில் ஏதோ செத்துப்போனால் ஒரு வாரம் துக்கம் காப்பவள். முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்போ உனக்கு ரிசல்ட் வந்திருக்கு. ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள்.

பெரியவரின் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். ஜூலையைப் பற்றிச் சொன்னேன். அவள் தலைமுடியைப் பின்னி முடித்தாள். பிறகு, மேடத்தை எதிர்த்துப் பேசிய ஒரு மாணவர் துறையை விட்டே போனதாகக் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னாள். அதை ஏன் இப்போது சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

பெரியவரிடம் சொல்லிவிட்டேன்.

கேன்டீனில் டீயோடு உட்கார்ந்திருந்தார். குழந்தை ராத்திரி தூங்கவிடவில்லை என்று கண் சிவந்திருந்தது. எழுத்துப்பிழை எத்தனை என்று கேட்டார். நாலு வரி எழுதிய தாளை அவர் பக்கம் நகர்த்திவைத்தேன். இரண்டாவது வரியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு ஐந்து நாள் ஆனது, அவருக்கு டீ ஆறுவதற்குள். அவ்வளவு நல்ல கணிதக்காரர்.

முகத்தில் எதுவும் மாறவில்லை. காதுகள் மட்டும் சிவந்தன. தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மேடத்துக்கிட்ட சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"புதன்கிழமை என் செமினார். அது முடியட்டும். நான் பாத்துக்கறேன். நீ எதுவும் பேசாதே."

"அண்ணா, சமர்ப்பிக்கறதுக்கு முன்னாடி..." என்றேன். "பேசாதேன்னு சொன்னேன்ல" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு என் டீக்கும் சேர்த்துக் கூப்பன் கொடுத்துவிட்டுப் போனார்.

'சத்தம்' என்று கூப்பிடவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

அவர் பார்த்துக்கொள்வார். பெரியவர் சொன்னால் செய்வார். ஏதாவது வழி வைத்திருப்பார்.

மார்ச் 18, புதன்

வழி இல்லை. அவர் அப்படியே பேசினார்.

மேடம் வழக்கம்போல் கடைசி வரிசையில். நான் ஜன்னலோரம். பெரியவர் பலகையில் துணைத்தேற்றத்தை எழுதினார். எதையும் பூஜ்ஜியமாக்காத மூன்று ஆபரேட்டர்கள்... அந்த இடத்தில் சாக்பீஸ் நின்றது. அரை விநாடி இருக்கும். என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. "இது மேடத்தோட ரிசல்ட், நிரூபணத்தை விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பலகைக்குப் போனார்.

அங்கே நான் "நிறுத்துங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. விதியே அதற்காகத்தான். வழக்கம்போல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பேசி முடிக்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

முடிந்ததும் மேடம் கேள்வி உண்டா என்றார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். என்னிடம் கண் கொஞ்சம் நின்றதா? நின்ற மாதிரிதான் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நானும் தட்டினேன்.

மார்ச் 20, வெள்ளி

பெரியவரின் ஆய்வேட்டை மதிப்பிட வெளியிலிருந்து வரும் புறத்தேர்வாளர் யாரென்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மேற்கோளையும் தேடிப்பிடித்து வாசிக்கிறவர் என்று பேச்சு. ஈஸ்ட் சொல்கிறாள், "அவரே கண்டுபிடிக்கட்டுமே, உனக்கென்ன." அவர் கண்டுபிடித்தால் பெரியவருக்கு அங்கேயே, எல்லோர் முன்னாலும், வாய்மொழித் தேர்வில் அவமானம். கண்டுபிடிக்காவிட்டால்? பட்டம் வரும், வேலை வரும், குழந்தை வளரும். நான் என் ஆய்வேட்டை அதே துணைத்தேற்றத்தில் ஆரம்பிக்க வேண்டும். முதல் அத்தியாயம், முதல் வரி. பொய் என்று தெரிந்தே.

எதற்கு அதிகமாகப் பயப்படுகிறேன்? அவர் விழுவதற்கா, விழாமல் இருப்பதற்கா, மேடத்தின் முகத்துக்கா? மூன்றும் தனித்தனியாக இருந்தால் தாங்கிக்கொள்வேன். சேர்ந்து வரும்போதுதான் உடைகிறது.

உள்ளே போனால் வெளியே வராத மூலை ஒன்று எனக்கும் கிடைத்திருக்கிறது. நிரூபணமே தேவையில்லை.

மார்ச் 23, திங்கள்

பெரியவரின் ஆய்வேடு வெள்ளிக்கிழமை பைண்டிங்குக்குப் போகிறது. தங்க எழுத்தா வெள்ளி எழுத்தா என்று அலுவலகத்தில் யாரோ கேட்டார்கள். ஏதோ ஒன்று என்றார்.

மார்ச் 24, செவ்வாய்

மேடத்தின் கதவைத் தட்டினேன். தட்டியது கேட்கவில்லை போல. மறுபடி தட்டாமல் போய்விடலாம் என்று திரும்பினேன். கதவு திறந்தது. கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு வெளியே வந்தவர், "என்ன?" என்றார்.

அந்த அறைக்குள் போகிறவர்கள் நீளம் குறைந்துதான் வெளியே வருவார்கள் என்று எங்களுக்குள் ஒரு ஜோக் உண்டு. இன்று சிரிப்பு வரவில்லை. பேச முடியாது என்று தெரியும், அதனால் நேராகப் பலகைக்குப் போய் எழுதினேன். முதுகைக் காட்டிக்கொண்டு எழுதுவது சுலபம். நாலு வரியும் எழுதிவிட்டுத் திரும்பாமல் நின்றேன்.

பாட்டிலை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்து நின்றார்.

"எவ்வளவு கலந்தா உடையுது?"

"அளவு தெரியல மேடம். ஆனா ஏதோ ஒரு சின்ன அளவுல உடைஞ்சே ஆகணும். இல்லேன்னா எல்லையில..."

"தெரியுது" என்றார்.

அவரே சாக்பீஸை எடுத்து ஒரு முறை சரிபார்த்தார். பிறகு இன்னொரு முறை வேறு வழியில். பிறகு அலமாரியிலிருந்து தன் பழைய கட்டுரையை எடுத்துப் புரட்டினார். எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை. அந்த அரை வரிக்கு நேராக விரல் போய் நின்றது. ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

நான் யோசிக்கவே இல்லை. "யாருக்கும் தெரியாது மேடம்" என்று வந்துவிட்டது. இரண்டரை வருஷத்தில் அந்த அறையில் நான் தயங்காமல் சொன்ன ஒரே வாக்கியம். அது பொய்.

போகச் சொன்னார். கோபமா என்று தெரியவில்லை. கோபம் என்றால் பரவாயில்லை. அவருடைய முகம் கேன்டீனில் பெரியவர் முகம் இருந்த மாதிரி இருந்தது.

மார்ச் 25, புதன்

செமினார் இல்லை என்று கதவில் ஒட்டியிருந்தது. காரணம் எழுதவில்லை. மேடம் வரவில்லை என்றார்கள், வந்துவிட்டுப் போனார் என்றார்கள்.

மார்ச் 26, வியாழன்

காரணம் சொல்லாமல் பைண்டிங்கை நிறுத்தச் சொல்லிவிட்டார் மேடம். மாடிப்படியில் பெரியவர் எதிரே வந்தார். ஒதுங்கி நின்றேன். என் படிக்கு வந்ததும் நின்று, "திருப்திதானே?" என்றார். சத்தமே இல்லாமல். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

வேற எதாவது திட்டியிருக்கலாம். வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாம்.

மார்ச் 29, ஞாயிறு

வீட்டில். அம்மா கேட்டுவிட்டாள், உடம்புக்கு என்ன என்று. ஒன்றுமில்லை என்றேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, யாராவது பையனா என்றார். பாவம், கேட்கவே அவருக்கு அவ்வளவு கூச்சம். "பையனா இருந்தா சாப்பிட்டிருப்பா. இது படிப்பு" என்றாள் அம்மா.

சிரித்தேன். அப்படியே அழுகை வந்துவிட்டது. அவர்களுக்கு என்ன சொல்வது? ஒரு தேற்றம் உடைந்துபோனது, அதில் ஒரு ஆள் உள்ளே மாட்டிக்கொண்டார் என்றா? படிப்பை விட்டுவிடலாமா என்று கேட்கத்தான் வந்தேன். கேட்கவில்லை. திங்கட்கிழமை அப்பா லிஃப்டில் ஏறுகிறவர்களிடம் என்ன சொல்வார் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

பயம்கூடப் பழகிப்போகும் என்கிறாள் ஈஸ்ட். பழகவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பெரியவர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நான் கதவருகே இருந்த ஸ்டூலில்.

மேடம் தாள்களை மேசையில் பரப்பியிருந்தார். தன் துணைத்தேற்றம் தப்பு என்றும், அதைக் கண்டுபிடித்தது நான்தான் என்றும் பெரியவரிடம் நிதானமாகச் சொன்னார். அவருக்கு முதன்முறையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "இவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், எனக்கே ரெண்டு வாரம் தேவைப்பட்டுது" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையாட்டிவிட்டால் போதும். முடிந்துவிடும். தலையாட்டிவிடுங்கள் அண்ணா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"எனக்குத் தெரியும் மேடம்" என்றார் பெரியவர். "செமினாருக்கு முன்னாடியே வந்து சொன்னா. நான்தான் வாயை மூடிக்கச் சொன்னேன்."

மேடம் என்னைத்தான் பார்த்தார், அவரை அல்ல. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"பொய்யெல்லாம் நல்லா சொல்ல வருது" என்றார் என்னிடம். பிறகு அவர் பக்கம் திரும்பி, "எழுதிட்டு ஒரு நிமிஷம் நின்னீங்களே, சாக்பீஸ் தீர்ந்துபோச்சுன்னு நினைச்சேன்" என்றார். அப்படியானால் அவரும் பார்த்திருக்கிறார். அரை விநாடி என்று நான் எழுதியதை மேடம் ஒரு நிமிஷம் என்கிறார்.

பெரியவர் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கல்லூரி காத்திருக்காது என்றார். தெரியும் என்றார் மேடம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றார்.

பிறகு மேடம் ஒரு தாளை எங்கள் நடுவே நகர்த்தினார். மூன்றாவது ஆபரேட்டரை விட்டுவிட்டால், இரண்டே இரண்டுக்கு, பெரியவருடைய அத்தியாயங்கள் எங்கே எங்கே நிற்கும் என்று பென்சிலால் குறித்திருந்தார். எல்லா இடத்திலும் இல்லை. பாதிக்கும் மேல் நிற்கும். அதற்காகத்தான் அந்த இரண்டு வாரம். மிச்சத்துக்கு அவர் புதிதாக வேலை செய்ய வேண்டும். ஒரு தேற்றம் சின்னதாகிவிடும்.

"சின்னதா இருந்தாலும் உங்களோடது" என்றார் மேடம். "முதல்ல இருந்ததுல பாதி என்னோட தப்பு."

கட்டுரைக்கு அவர் திருத்தம் எழுதுகிறார். அதில் என் பெயர் வரும் என்றார். வேண்டாம் மேடம் என்றேன். "ஏன், உதாரணம் தானா நடந்து வந்துச்சா?" என்றார்.

பெரியவர் என்னிடம் பேசாமல் போய்விட்டார்.

ஏப்ரல் 22, புதன்

துறையை விட்டுப் போனார் என்று ஈஸ்ட் சொன்னாளே, அந்த மாணவர். அலுவலகத்து அம்மாவிடம் விசாரித்தேன். அவர் மேடத்தை எதிர்த்துப் பேசவெல்லாம் இல்லையாம். கணக்கே பிடிக்காமல்போய் வங்கி வேலைக்குப் போய்விட்டாராம். வருஷா வருஷம் மேடத்துக்கு வாழ்த்து அனுப்புகிறாராம். இத்தனை நாள் அவரை நினைத்து நான் பயந்தது எந்தக் கணக்கில் சேர்த்தி?

மே 13, புதன்

செமினாருக்குப் பெரியவர் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். போய்விட்டார். இன்றும் பேசவில்லை.

ஜூன் 18, வியாழன்

அந்தக் கல்லூரியில் வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள். மேடம் போனில் கேட்டுப்பார்த்தாராம், முடியவில்லையாம். பெரியவர் தன் பழைய பள்ளிக்கே திரும்பப் போகிறார், காலை வகுப்புகளுக்கு. மாலையில் இங்கே வந்து எழுதுவார்.

இதை நான்தான் செய்தேன். மேடத்தின் அரை வரி ஒன்பது வருஷமாகச் செய்தது என்றும் சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம்தான் நிற்கிறது.

கடைத்தெருவில் அவருடைய மனைவியைப் பார்த்தேன், குழந்தை இடுப்பில். என்னைத் தெரிந்துகொண்டார். காய்கறிக் கூடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. பக்கத்தில் வந்து, "நீதானா அது. ஒல்லியா இருக்கே" என்றார். குழந்தை என் பை வாரைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. இரண்டு பேருமாகச் சேர்ந்து விரல் விரலாகப் பிரித்தெடுத்தோம்.

ஜூலை 30, வியாழன்

என் முதல் அத்தியாயத்தை அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். 'கொள்ளலாம்' என்று கை எழுதும் ஒவ்வொரு இடத்திலும் நிற்கிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் நகர்கிறது.

செப்டம்பர் 17, வியாழன்

திருத்தம் வெளியாகியிருக்கிறது. ஒன்றரைப் பக்கம். என் பெயர் இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். லிஃப்டுக்குள் ஒட்ட அனுமதி கிடையாதாம், அதனால் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். மேடத்தின் தப்பைப் பற்றித்தான் அது என்று சொல்லவில்லை.

பெரியவரும் இன்று சமர்ப்பித்துவிட்டார். இரண்டு ஆபரேட்டர்களோடு. பெயிலானவர் பேப்பர் வாங்கிக்கொண்டு போகிற மாதிரி ரசீதை வாங்கிக்கொண்டு போனார் என்று ஈஸ்ட் சொன்னாள். நான் பார்க்கவில்லை. நூலகத்திலேயே இருந்துவிட்டேன்.

நவம்பர் 12, வியாழன்

மதியம் என் மேசையில் மூன்று தாள்கள். பெரியவர் கையெழுத்து, பள்ளிக்கூட வாத்தியாரின் குண்டு எழுத்து. மேலே ஒரு குறிப்பு: மூன்றாவது ஆபரேட்டரையும் சேர்த்துக்கொள்ள ஒரு புது நிபந்தனை தோன்றுகிறது, மேடத்திடம் காட்டுவதற்கு முன் நீ உடைத்துப் பார். கீழே அவருடைய போன் எண்ணையும் எழுதியிருந்தார், என்னிடம் இல்லாத மாதிரி.

முதல் பக்கம் அழகு. புதிய நிபந்தனை கெட்ட மூவரைத் தள்ளிவிடுகிறது, நான் கலந்து செய்த மூவரையும் தள்ளிவிடுகிறது. சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வாசித்தேன்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வெக்டர் வரிசையின் எல்லையை எடுக்கிறார். அந்த எல்லையை வைத்துத்தான் மாறா உள்வெளியைக் கட்டுகிறார். அந்த வெக்டர்கள் ஒவ்வொன்றின் நீளமும் ஒன்று. ஆனால் எல்லை? இந்த வகை எல்லையில் நீளம் வழியிலேயே கரைந்துபோகலாம். எல்லை பூஜ்ஜியமாக இருந்தால்? பூஜ்ஜியத்தின் மேல் எதைக் கட்டுவது?

மறுபடி வாசித்தேன். சாயங்காலம் வரை வாசித்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

மார்ச்சில் வந்த அதே சில்லிப்பு. குறையவே இல்லை. அவர் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்திருப்பார், குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார், நாளைக்குச் சொல்லலாம், தாளில் எழுதி மேசையில் வைத்துவிடலாம். எல்லாம் யோசித்தேன். எண்ணைப் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா, ரெண்டாம் பக்கம்" என்றேன். வார்த்தை வந்துவிட்டது.

"இரு" என்றார். நாற்காலி இழுபடும் சத்தம். தாள் புரளும் சத்தம். "ம். எந்த வரி?"